ஏ பக்கம் கை போகக்கூடாது

கூட்டேரிப்பட்டு லாரி எடை மேடையில் எனக்கு வேலை கிடைத்ததற்கு என் படிப்பு காரணமில்லை, வாய்தான் காரணம். மயிலம் கோயிலுக்குப் போவதற்காகத் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறியிருந்தேன். பாதி வழியில், மயிலத்துக்கு இறங்க வேண்டிய கூட்டேரிப்பட்டில் நிற்காது என்றார் கண்டக்டர். ஏறும்போது நிற்கும் என்று சொன்னவரும் அவரேதான். நான் அவரை ஒரு வழி பண்ணியதில் பஸ் நின்றது. என் பின்னாலேயே ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று பார்த்தால், "அக்கா, நீங்க எங்கியாச்சும் வேலைக்குப் போய்க்கினு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது. வீட்டுக்காரர் எதற்கும் பதில் பேசாத மனிதர். அவரோடு சண்டை போடுவதும் சுவரோடு பந்து விளையாடுவதும் ஒன்று.

"அப்ப எங்கூட வாங்க. லாரிக்காரங்ககிட்ட பேசறதுக்கு இந்த வாய்தான் வேணும்" என்றாள். மயிலம் முருகனை மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் அவள் பின்னால் போனேன்.

நாற்கர சாலையை ஒட்டி, ஒரு லாரி நிற்கிற நீளத்துக்கு இரும்பு மேடை. பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேடையில் ஏறிய வண்டியின் எடை அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் தெரியும், அதை அச்சடித்து டிரைவரிடம் சீட்டாகக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அந்த அறையில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தவள் அவள். கல்யாணமாகிப் பல வருஷம், முன்பு உண்டானது எதுவும் தங்கவில்லை. இந்த முறையாவது ஒழுங்காக ஓய்வெடு என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி லீவு தருவதற்கு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"நீ திரும்பி வர்ற வரைக்கும் பார்த்துக்கறதுக்கு ஒரு ஆளைக் காட்டிட்டுப் போம்மா. வண்டி நின்னு திரும்பிப் போச்சுன்னா என்னால ஆவாது. விழுப்புரத்துக்காரன் புது கம்ப்யூட்டர் தர்றேன்றான், ஓட்டறதுக்கு ஆளும் அவனே அனுப்பறானாம். அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காது, சொல்லிட்டேன்."

அன்று அவள் என்னைத்தான் அவரிடம் காட்டினாள். அவர் போன பிறகு அவள் என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்க வீட்டுல அப்பா, அம்மா, சின்னம்மா எல்லாரும் அடுத்தவங்க நெலத்துல வெயில்ல நின்னவங்கதான். ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேலை பார்க்குற மொத ஆளு நான்தான்க்கா. நான் உக்கார்ற இந்தச் சீட்டை மட்டும் எனக்காகப் பார்த்துக்கோங்க." அதன் பிறகு நான் எப்படி முடியாது என்று சொல்வது?

கம்ப்யூட்டர் என்றதும் என் பெண்ணிடம் இருப்பது மாதிரி பளபளவென்று ஒன்றை எதிர்பார்த்தேன். மேஜை மேல் இருந்ததோ நாலு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி. முன்பக்கம் புடைத்த கண்ணாடி. சுவிட்சைப் போடுவதற்கு முன் அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். உள்ளே ஏதோ கரகரவென்று சுற்றியது. கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடி, கடைசியில் ஒரே ஒரு வரி நின்றது. C:\> என்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு ஆட்டோ இண்டிகேட்டர் மாதிரி விட்டுவிட்டு எரிந்தது.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் நம்மதான் சொல்லணும். நம்ம சொல்லாம இது ஒன்னும் பண்ணாது."

"மவுஸ் எங்க?"

"இதுக்கு மவுஸும் இல்லை, மவுசும் இல்லைக்கா. இதும்பேரு டாஸ். எல்லாத்தையும் அடிச்சித்தான் சொல்லணும்."

எனக்கு வந்த முதல் பாடம் DIR. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்கிற வார்த்தை. நான் அவசரத்தில் DRI என்று அடித்துவிட்டேன். Bad command or file name என்று பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஒரு எழுத்து இடம் மாறியதற்கு 'பேட்' என்று சொல்லலாமா? நல்லவிதமாகச் சொன்னால் திருத்திக்கொள்ள மாட்டேனா? "இன்னா, வாய்க்கு வந்தபடி பேசுது" என்று திரையைப் பார்த்துச் சண்டைக்கே போய்விட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது கெட்ட வார்த்தை இல்லைக்கா. புரியலைன்னு சொல்லுது. திரும்ப அடி" என்றாள். அன்று மாலைக்குள் நான் அவளுக்கு 'நீ' ஆகியிருந்தேன்.

திரும்ப அடித்தேன். கோப்புகளின் பெயர்கள் மளமளவென்று மேலே ஓடின. நான் முதல் பெயரைப் படிப்பதற்குள் கடைசிப் பெயர் வந்துவிட்டது. பின்னால் ஒரு சாய்கோடும் P-யும் சேர்த்து அடித்தால் ஒரு பக்கத்தோடு நிற்கும், நாம் ஒரு பட்டனைத் தட்டினால்தான் மேலே போகும் என்றாள். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. நான் படித்து முடிக்கும் வரை காத்திருந்த ஆசிரியர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாய்க்கவில்லை.

அடுத்தது CD. நான் மேஜை இழுப்பறையில் வட்டமான சிடியைத் தேட ஆரம்பித்தேன். அது ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குள் போகிற வார்த்தையாம். CD என்று அடித்து, இடம் விட்டு, எடைக் கணக்கு இருக்கிற அறையின் பெயரை அடித்தால் உள்ளே போகலாம். CD-யும் ரெண்டு புள்ளியும் வைத்தால் வெளியே வரலாம். உள்ளே போன பிறகு புரோகிராமின் பெயரை அடித்தால் எடை போடுகிற திரை வந்துவிடும். ஒரு நாள் முழுக்க நான் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். வீட்டுக்குப் போய்ச் சோறு கிளறும்போதும் வாய் சிடி, புள்ளி, புள்ளி என்று முணுமுணுத்தது. வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். பதில் பேசவில்லை.

"சாயங்காலம் கெளம்பறதுக்கு முன்னாடி காப்பி போட்டுடணும்க்கா, மறக்கக்கூடாது" என்றாள் இன்னொரு நாள். நானும் மறக்காமல் மறுநாள் ஒரு பாக்கெட் பாலும் காப்பித்தூளும் வாங்கிப் போனேன். அவள் சொன்னது COPY. அன்றைய கணக்கை இன்னொரு இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைப்பது. பால் கெட்டுப் போகக்கூடாது என்று பக்கத்து டீக்கடை அடுப்பில் காய்ச்சி இரண்டு காப்பியையும் போட்டோம். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இரண்டு காப்பி என்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இதெல்லாம் விளையாட்டாகக் கற்றுக்கொண்டேன். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் விளையாட்டில்லாமல் சொல்லிக்கொடுத்தாள். சீட்டு அச்சடிக்கும்போது பிரிண்டரில் காகிதம் தீர்ந்துவிட்டாலோ, பிரிண்டரின் பட்டன் அணைந்திருந்தாலோ, திரையில் ஒரு கேள்வி வரும். Abort, Retry, Ignore, Fail? நாலில் எதை என்று நாம் முதல் எழுத்தைத் தட்ட வேண்டும்.

"எதுன்னாலும் காகிதத்தை மாட்டிட்டு ஆர் அமுக்கு. ஏ பக்கம் கை போகக்கூடாது" என்றாள்.

"ஏன், கம்ப்யூட்டர் கெட்டுடுமா?"

அவள் பிரிண்டரை அணைத்து அந்தக் கேள்வியை வரவழைத்து, முதல் வார்த்தையின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் பக்கத்தில் இங்கிலீஷே தெரியாத பெண்களுக்கும் தெரிந்த வார்த்தை அது. முன்பு கரு கலைந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் அவளுக்கு அதை எழுதித் தந்திருக்கிறார்கள். இந்த டாஸை எழுதியவன் எவனோ, அவன் தன் பெண்டாட்டியோடு ஒரு நாள் எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் வேறு வார்த்தை போட்டிருப்பான்.

"புரோகிராமை வுட்டு வெளிய வரதுக்குத்தான் அது. வேற ஒன்னுமில்லை. தெரியும். ஆனாலும் நான் இந்தச் சீட்டுல உக்காந்ததுலேர்ந்து அதை அமுக்கனது கெடையாதுக்கா" என்றாள்.

நான் பேச்சை மாற்றுவதற்காக மற்றவற்றுக்குப் பொழிப்புரை சொன்னேன். ஃபெயில் என்னுடைய எழுத்து. ப்ளஸ் டூ இங்கிலீஷில் ஃபெயிலாகிப் படிப்பை விட்டவள் நான், அதனால் எஃப்-ஐ நானும் தொட மாட்டேன். இக்னோர் என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது, அது முதலாளியின் எழுத்து. அறைக் கூரை ஒழுகுவதையும் ஃபேன் கிறீச்சிடுவதையும் அவர் வருஷக்கணக்காக ஐ அமுக்கியே ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆக, நமக்கு மிச்சம் ஆர் ஒன்றுதான், திரும்பத் திரும்ப முயற்சி பண்ணுவது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அவள் லீவில் போனாள். நான் தனியாக உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தப் பழைய பெட்டியின் மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது. அடித்ததை மட்டும் செய்யும். தெரியாததைத் தெரியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லும். இப்படிப்பட்ட ஆளோடு என்னால் குடித்தனம் நடத்த முடியும். நெல், சவுக்கு, ஜல்லி, கரும்பு என்று லோடு வந்துகொண்டே இருந்தது. மல்லாட்டை சீசனில் டிரைவர்கள் போகிற போக்கில் எனக்கு ஒரு கை வேர்க்கடலை அள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறையில் உட்கார்ந்து உரித்துத் தின்றேன். தின்ன முடியாததை மேஜைக்குப் பின்னால் ஒரு பையில் போட்டு வைத்தேன்.

மவுஸ் இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் எலி வந்தது.

அந்தச் சமயத்தில் அவளை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிரஷர் ஏறிவிட்டது, பிரசவம் வரை படுக்கையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "சீட்டு இருக்குதாக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மறுநாள் காலையில் நெல் ஏற்றிய லாரி ஒன்று மேடையில் நின்றது. எடையைப் பதிந்து பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் அசையவில்லை. அந்தக் கேள்வி வந்தது. காகிதம் இருந்தது. பட்டனில் விளக்கு எரிந்தது. ஆர் அமுக்கினேன். அதே கேள்வி. மறுபடியும் ஆர். மறுபடியும் கேள்வி. குனிந்து மேஜைக்குப் பின்னால் பார்த்தேன். மல்லாட்டைப் பையில் ஓட்டை. பக்கத்திலேயே பிரிண்டர் ஒயரை எலி கொறித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பிகள் பல்லை இளித்துக்கொண்டிருந்தன.

வெளியே வண்டிகள் சேர ஆரம்பித்தன. "அக்கா, ஜல்தி பண்ணுங்க, மில்லுல லைன் கட்டிடுவானுங்க" என்று டிரைவர் ஜன்னலில் தட்டினார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். எதிரே இருந்த தன் கடையிலிருந்து முதலாளி எழுந்து வருவது தெரிந்தது.

ஆர் இனிப் பிரயோஜனமில்லை. ஐ அமுக்கினேன். ஒரு எழுத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு, அடுத்த எழுத்துக்கு அதே கேள்வியைக் கேட்டது. சீட்டு முழுக்க எத்தனை எழுத்து! முதலாளியின் எழுத்தும் கைகொடுக்கவில்லை. பிறகு எஃப்-ஐயும் அமுக்கினேன். அவளுக்காக இன்னொரு தடவை ஃபெயிலாவதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அதற்கும் அதே கேள்விதான் திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஏ அமுக்கினால் புரோகிராமை விட்டு வெளியே வந்துவிடலாம். மறுபடி உள்ளே போய், பிரிண்ட் வேண்டாம் என்று சொல்லி எடையை மட்டும் பதிந்துகொண்டு, சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்து வண்டிகளை அனுப்பலாம். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான், அவளே சொல்லிக்கொடுத்தது. ஆனால் விரல் போகவில்லை. அவள் அங்கே அப்படிப் படுத்திருக்கும்போது அந்த வார்த்தையை நான் எப்படி அமுக்குவேன்?

முதலாளி உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், வெளியே நின்ற வண்டிகளைப் பார்த்தார். "விழுப்புரத்துக்காரனுக்குப் போன் போட்டுடறேம்மா. இதோட பெரிய பேஜாரு" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று நான் என் போனை எடுத்தேன். அவள்தான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆர் அமுக்கிப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன். எல்லாம் பார்த்துட்டேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"அக்கா" என்றாள். "டாக்டரம்மா இப்பதான் வந்து பார்த்துட்டுப் போச்சு. துடிப்பு நல்லா இருக்குதாம். நான் வயித்து மேல கையை வெச்சிக்கினு இருக்கேன். நீ அமுக்கு."

"வேணாம்மா. நான் சுவிட்சை அணைச்சிட்டுப் போடறேன்."

"அணைச்சா அதுவரைக்கும் போட்ட கணக்கு கெட்டாலும் கெட்டுடும். நான் சொல்றேன் இல்ல, அமுக்கு."

கண்ணை மூடிக்கொண்டு ஏ அமுக்கினேன். கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தேன். C:\> என்று வந்து, பக்கத்தில் அந்தக் கோடு ஒன்றும் நடக்காத மாதிரி விட்டுவிட்டு எரிந்தது.

"வந்துடுச்சு" என்றேன்.

"ஒதைக்குதுக்கா" என்றாள் அவள். "இங்க இது ஒதைக்குது."

முதலாளி முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அழுதுகொண்டேதான் CD அடித்தேன். ஒரு எழுத்தும் மாறவில்லை. 'பேட்' என்று அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெல் லாரியை இறக்கி மறுபடி மேடை ஏற்றி எடையைப் பதிந்து, சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வண்டி ஏறியது. ஹாரன் அடித்தவனை மட்டும் வெளியே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். ஒரு வண்டியும் திரும்பிப் போகவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். மதியத்துக்குள் திண்டிவனத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடையிலிருந்து வேறு ஒயர் வந்துவிட்டது. மல்லாட்டைப் பையை அன்றே தூக்கி எறிந்தேன்.

அடுத்த வாரம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். போனில் அவள் எனக்கு முதலில் கேட்க வைத்தது குழந்தையின் அழுகையைத்தான். சரியான வாய். யாரைப் போல என்று நான் கேட்கவில்லை.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு அவள் அதையும் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். நான் அன்று சீக்கிரமே போய் மேஜையைத் துடைத்து, திரையைத் துடைத்து, என் சாப்பாட்டுப் பையைத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். சீட்டு அவளுடையது, அதில் எனக்குக் குழப்பமில்லை. மனசுதான் கனத்தது. அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள். மடியில் இருந்த குழந்தை எரிந்து அணைகிற அந்தக் கோட்டையே பார்த்தது.

"வரட்டுமாம்மா?" என்றேன்.

"எங்க போற? இவ அழுதா நான் லாரியைப் பார்ப்பேனா, இவளைப் பார்ப்பேனா? மதியம் வரைக்கும் நீ உக்காரு, அப்புறம் நான் உக்காரறேன். தூளி கட்டறதுக்குப் பொடவை கூட எடுத்துக்கினு வந்திருக்கேன்."

"மொதலாளி இன்னா சொல்லுவாரு?"

கூரைக் கம்பியில் நாங்கள் இரண்டு பேரும் புடவையை முடிந்துகொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். வாசலில் நின்றார். ஒரு நாற்காலிக்கு இரண்டு பெண்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தூளி, தூளிக்குள் ஒரு குழந்தை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு தலையைத் தூக்கி, கிறீச்சிடுகிற ஃபேனைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அவள் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "ஐ அமுக்கிட்டுப் போறாருக்கா."